வெயிலில் இறங்கும் எண்

மூன்று என்று நிற்க வேண்டிய எண் இரண்டு புள்ளி ஒன்பது ஏழு என்று நின்றது. அவ்வளவுதான் விஷயம். வெண்டைக்காய் நிறுக்கிற கடைக்காரன் இதைவிடத் தாராளமாகக் குறைப்பான், நாமும் கண்டும் காணாமல் பையை நீட்டுவோம். ஆனால் இசக்கியம்மாளின் எதிரே இருந்தது தராசுத் தட்டு அல்ல, கணினித் திரை. அதில் தெரிந்தது, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தேரிக்காட்டுச் செம்மணல் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் நின்ற தும்பியின் வயிற்று அழுத்தம். தும்பி என்பது ராக்கெட்டின் பெயர். பதினான்கு மீட்டர் உயரம், பால் வெள்ளை, பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், வலிப்பது தெரியாது. இன்னும் எரிபொருள் ஊற்றவில்லை. ஊற்றுவதற்கு முன்னால் டாங்க்கில் வெறும் வாயுவை மூன்று என்ற அளவுக்கு ஏற்றி, எல்லா வால்வையும் மூடிவிட்டு, சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். எண் இறங்காமல் நின்றால் டாங்க் நல்ல டாங்க். இறங்கினால் எங்கேயோ கசிகிறது. ஒன்பது பத்துக்கு மூடினார்கள். இப்போது ஒன்பது ஐம்பத்திரண்டு. சென்சார் ஒன்று, இரண்டு புள்ளி ஒன்பது ஏழு. சென்சார் இரண்டு, அதுவும் இரண்டு புள்ளி ஒன்பது ஏழு. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும் என்றுதான் இரண்டு வைப்பது. இரண்டும் ஒரே வார்த்தையைச் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். “பத்து அஞ்சு வரைக்கும் பார்ப்போம்க்கா,” என்றான் மெய்யப்பன். கம்பெனியைத் தொடங்கியவன், முப்பத்தோரு வயது, நேற்றிலிருந்து சவரம் செய்யவில்லை. “அதுக்கு மேல அனுமதி ஆபீசுக்கு நான் போன் பண்ணித்தான் ஆகணும். இன்னைக்கு இல்லைன்னு சொல்லிடணும்.” இசக்கியம்மாள் தலையை ஆட்டினாள்.

இன்றைக்கு இல்லை என்றால் என்றைக்கு என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. கடலில் படகுகளை நிறுத்தி வைத்த அனுமதி பகல் ஒரு மணியோடு முடிகிறது. அடுத்த வாரம் மழை பிடித்துக்கொள்ளும். மழை விட்டால் தை, தைக்குள் இந்த அறையில் இருக்கும் பதினெட்டுப் பேரில் எத்தனை பேர் இருப்பார்கள், நாலு பேர் இப்போதே பெங்களூருக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு அதைச் சொல்லாமல் வளைய வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் இசக்கியம்மாளின் மனசு தை மாதம் வரைக்கும் போகவில்லை, அது நாற்பத்தோரு மீட்டரில் மாட்டிக்கொண்டு நின்றது. டாங்க்கில் மொத்தம் நாற்பத்தோரு மீட்டர் வெல்டு. அத்தனையும் அவள் கை. யாரும் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க அவர்கள் படுகிற பாடுதான் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. கசிகிறது என்றால் அவள் வெல்டு கசிகிறது. எந்த இடம்? கண்ணை மூடினால் நாற்பத்தோரு மீட்டரும் ஓடியது. மூன்றாவது வளையத்தில், அன்றைக்கு மின்சாரம் போய் வந்ததே, அந்த இடமா, இல்லை, அதை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாயிற்று, சுத்தம். அடி மூடியில் கை ஒரு நொடி நின்றதே, தும்மல் வந்து, அதையும் அரைத்து எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாயிற்று. கவனம் மறுபடி முதல் மீட்டருக்கு வந்தது. மாவு புளிக்கிறதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற மாதிரி, பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏசி காற்று நேராக அவள் கழுத்தில் அடித்தது, அப்படியும் முதுகு வேர்த்திருந்தது. முகத்தைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். விரலில் என்னவோ ஒரு வாசனை. கையை இறக்கிக்கொண்டாள்.

அழுத்தம் என்ற சொல் தெரிவதற்கு முன்னாலேயே அழுத்தத்தைத் தெரிந்தவள் அவள். திசையன்விளையில் அய்யாவுக்கு சோடாக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஓட்டு வீட்டின் முன்னறை, ஒரு சுற்று மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், பாசி பிடித்த தொட்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கோலிக்குண்டு போட்ட பாட்டில்களை மெஷினில் மாட்டிச் சுற்றுவது அவள் வேலை. சுற்றச் சுற்ற உள்ளே ஏதோ ஏறும், கண்ணுக்குத் தெரியாது, ஏறி ஏறிக் குண்டைப் பிடித்து வாயில் அடைத்து அங்கேயே நிறுத்திவிடும். கையால் தள்ளினால் இறங்காது. பத்து வயதில் அவளுக்கு அதுதான் உலகத்திலேயே பெரிய ஆச்சரியம். யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? ஒரு சித்திரை மாதம் பெட்டியை நிழலில் தள்ள மறந்துபோனாள். வெயில் ஏறியது, ஒரு பாட்டில் வெடித்தது, அதைப் பார்த்து இன்னொன்று, கல்யாண வீட்டு வெடி மாதிரி பதினொன்று. இடது புருவத்தில் தழும்பு அன்றைக்கு வந்தது. அய்யா அடிக்கவில்லை. ரத்தத்தைத் துணியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “வெயிலுக்கு அது ஏறும்னு தெரியாதாட்டி ஒனக்கு,” என்று மட்டும் கேட்டார். தெரியாது. ஏன் ஏறும் என்று அய்யாவுக்கும் தெரியாது. அந்த வருடம்தான் மேற்கே மலையடிவாரத்தில் ராக்கெட் என்ஜினைக் கட்டிப்போட்டு ஓட்டிப் பார்க்கிற சத்தம் அவள் காதில் முதன்முதலாக விழுந்தது, அல்லது விழுந்ததை அவள் கவனித்தாள். மேகமே இல்லாத வானத்தில் இடி. இடி என்றால் அடித்து ஓய்ந்துவிடும், இது ஓயவில்லை. அடுக்கில் இருந்த பித்தளைச் செம்புகள் ஒன்றோடொன்று நடுங்கிப் பேசின. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ உட்கார்ந்து உறுமுகிற மாதிரி இருந்தது. அம்மா வெளியே ஓடிப்போய்க் காயப்போட்ட வத்தலை அள்ளினாள். இசக்கி மட்டும் நகரவில்லை. அதுவும் சோடாதான் என்று அவளுக்கு எப்படியோ தோன்றியது. அதே ஆள்தான், இன்னும் பெரிய பாட்டிலுக்குள்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்த மலையடிவாரத்துக்கே ஒப்பந்தக் கூலியாகப் புல் வெட்டப் போனாள், பக்கத்தில் இருந்தால் போதும் என்று. வேலிக்கு வெளியே வெட்டுகிறவளுக்கும் என்ஜின் ஒரே மாதிரிதான் கேட்கும், அதற்குச் சம்பள வித்தியாசம் கிடையாது. பிறகு வள்ளியூரில் பால் டாங்க் செய்கிற பட்டறை. பெண்ணுக்கு வெல்டிங் எதற்கு என்று கேட்ட முதலாளி, அவள் போட்ட முதல் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கவில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைத்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், அட்டை கிடையாது, அதனால் இன்றுவரை அதன் பெயர் அவளுக்குத் தெரியாது. உள்ளே ஒரு பக்கத்தில் டாங்க், அதிலிருந்து குழாய், குழாய்க்கு முடிவில் மணி மாதிரி விரிந்த ஒன்று, அதிலிருந்து நெருப்பு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், மடியில் அகராதி. முதல் தடவை படித்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல், ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை கணக்கு விளங்காமல் படம் விளங்கியது. மூன்றாம் தடவை, நூற்று எழுபதாம் பக்கத்தில், அடைத்து வைத்த வாயு சூட்டுக்கு எவ்வளவு ஏறும் என்ற ஒற்றை வரிச் சமன்பாட்டைப் பார்த்து, பதினொரு சோடா பாட்டிலும் ஏன் வெடித்தன என்று விளங்கி, பட்டறைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அழுதாள். அய்யா போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது, இல்லாவிட்டால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். அப்புறம் செல்போன் வந்தது. மெய்யப்பன் ஒரு குழாய் இணைப்பின் படத்தை ஏதோ பெருமையாக இணையத்தில் போட்டிருந்தான். நூற்றுக்கணக்கான பேர் கைதட்டியிருந்த இடத்தில் இவள் தமிழில் ஒரு வரி எழுதினாள், அந்த மூன்றாவது வளைவு உடையும் என்று. மூன்றாவது வாரம் உடைந்தது. நாலாவது வாரம் அவன் வள்ளியூர்ப் பட்டறை வாசலில் வந்து நின்று, இங்கே இசக்கியம்மாள் சார் யாருங்க என்று கேட்டான். ஒன்பது வருடம் ஆகிறது. சேலைக்கு மேல் போட்ட சட்டையின் பையில் தொங்குகிற அடையாள அட்டையில் முதன்மைப் பொறியாளர் என்று போட்டிருக்கிறது. அதைத் தினமும் காலையில் மாட்டும்போது யாருடையதையோ எடுத்து மாட்டுகிற மாதிரி ஒரு திடுக்கிடல் அவளுக்கு இருந்துகொண்டேதான் இருக்கிறது.

இரண்டு புள்ளி ஒன்பது ஆறு. “வெயிலுக்குக் கழிச்சுப் பார்த்தா இன்னும் மோசமா இருக்குக்கா,” என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த ஷாஹிதா, காயல்பட்டினத்துப் பெண், எண்களை அவளிடம்தான் கேட்க வேண்டும். “வெயில் ஏறுது, அப்போ உள்ள இருக்கற கேஸ் சூடாகி நம்பர் ஏறணும். இது இறங்குது. அப்படின்னா லீக் நாம நினைச்சதை விடப் பெருசு.” கணக்கு சரி. குற்றம் சொல்ல இடமில்லை. வெயில் ஏறுது, நம்பர் இறங்குது. இசக்கியம்மாள் அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஏறுது, இறங்குது. துணி தைக்கும்போது ஊசி ஒரு இடத்தில் போகாமல் நிற்குமே, அப்படி அங்கே நின்றது. சுவரில் இன்னொரு திரையில் தும்பி தெரிந்தது, காமிராவின் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு வெள்ளைக் குச்சியாக. கடலிலிருந்து ஒரு மேகம் வந்து அதன்மேல் நிழலைப் போட்டது. செம்மணல் சட்டென்று ஈரச் செங்கல் நிறத்துக்குப் போனது. அழகு, என்று நினைத்தாள், இந்த நேரத்திலும். எண்ணைப் பார்த்தாள். இரண்டு புள்ளி ஒன்பது ஏழு. சென்சார் இரண்டும். “ஏறிடுச்சே,” என்றாள். ஷாஹிதா எட்டிப் பார்த்து, “கடைசி நம்பர் அப்படித்தான்கா ஆடும், கணக்குல எடுக்க முடியாது,” என்றாள். ஆடும்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து, ஒரே நொடியில், கைகோத்துக்கொண்டா ஆடும்? ஓட்டைப் பானையில் தண்ணீர் குறையும், சில நேரம் மெதுவாகக் குறையும், தானாக ஏறுமா? மேகம் போயிற்று. மணல் பற்றிக்கொண்டது. ஒரு நிமிடம். இரண்டு. இரண்டு புள்ளி ஒன்பது ஆறு. புருவத்துத் தழும்பு அரித்தது. வெயிலில் வைத்த சோடா இறங்காதுட்டி. உலகத்தில் எந்த சோடாவும் வெயிலில் இறங்காது.

அப்படியானால் டாங்க் கசியவில்லை. நாற்பத்தோரு மீட்டரும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஒரு நொடி நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது, அடுத்த நொடி அது திரிந்தது. டாங்க் பொய் சொல்லவில்லை என்றால் சென்சார் பொய் சொல்கிறது. இரண்டு சென்சாரும். அந்தச் சென்சார் என்பது கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கறுப்பு உருளை, தும்பியின் கிழக்குப் பக்கத்தில், இடுப்பளவில், அருகருகே இரண்டு. கடைசி மூடி போடும்வரை வெளியே தெரியும். உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியே இருக்கும் காற்றோடு வைத்து நிறுத்துப் பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. வெளிக்காற்று நுழைய அதன் முகத்தில் ஒரு துளை, குண்டூசி முனை அளவு. மூச்சு விடும் ஓட்டை என்று அவள்தான் அதற்குப் பெயர் வைத்தாள். அந்த ஓட்டை அடைபட்டால்? சிக்கிக்கொண்ட கடுகளவு காற்று வெயிலில் விரியும், விரிந்து பின்னாலிருந்து தள்ளும், எண் இறங்கும். மேகம் வந்தால் சுருங்கும், எண் ஏறும். சரியாகத்தான் இருக்கிறது, இம்மி பிசகாமல். நூற்று எழுபதாம் பக்கம். ஆனால் யார் போய் அடைத்தார்கள்? நேற்று மாலை அவளே ஊதிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. மணல் பறந்து அடைக்காது, காற்றே இல்லை. குளவி கூடு கட்டாது, ஒரு காலைக்குள். அதுவும் இரண்டையும். இரண்டையும் ஒரே மாதிரி அடைக்கிற குளவி எது? மனசு அங்கே போய் நின்று, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஏசியைக் குறைக்கச் சொல்லலாமா என்று யோசித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம் வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். எலுமிச்சை. காலையில் நாலு எலுமிச்சம்பழம் நசுக்கினார்களே. மோதிர விரலில் அந்த வாசனை இன்னும் இருந்தது. அது இரும்பு வாசனை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். இரும்புக்கு அப்படிக் குளுமையாக ஒரு வாசனை கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? முப்பது வருடம் இரும்போடு புழங்கியவள்.

காலை ஆறு மணி. தேங்காய், கற்பூரம், நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் என்பது மாதிரி தும்பியின் நாலு காலுக்கும் ஒவ்வொன்று. சந்தனமும் குங்குமமும் எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு, தாங்கு மேடையில் மஞ்சள் பெயின்டில் ஒரு சாண் கட்டம், அதற்குள் மட்டும், ராக்கெட்மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. அந்த விதியை எழுதியவள் இசக்கியம்மாள். கட்டத்தை வரைந்தவளும் அவளே. எல்லாரும் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறப் போய்விட்டார்கள். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் மட்டும் ஏணியில் நின்றாள். அப்போது சூரியன் கடலிலிருந்து முழுசாக வெளியே வந்தது. தும்பி முழுக்கச் செம்மஞ்சளாகிவிட்டது. ஒன்பது வருடம் துண்டு துண்டாகப் பார்த்ததுதான், இந்தத் தகடு, இந்த வளையம், இந்தக் குழாய், ஒவ்வொன்றின் பிறந்த தேதியும் தெரியும், அப்படியும் அந்த நிமிடத்தில் அது அவர்கள் செய்தது மாதிரி இல்லை. அதுவாகவே அங்கே முளைத்து நின்றது. இது போகப் போகிறது. இங்கே கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிற இது, மதியத்துக்குள் மேகத்துக்கு மேலே, காற்று முடிகிற இடத்துக்கு மேலே, மனுஷன் வாசனையே இல்லாத இடத்தில் இருக்கும். பயமா, சந்தோஷமா, இரண்டும் இல்லை, கன்னியாகுமரியில் முதல் தடவை கடலைப் பார்த்தபோது வாய் திறந்து நின்றாளே, அது. விரலில் மிச்சச் சந்தனம் இருந்தது. எதிரே, கண் உயரத்தில், இரண்டு கறுப்பு உருளைகள் விழித்துக்கொண்டிருந்தன, ஒரு குழந்தையின் கண் மாதிரி. கை தானாகத்தான் போயிற்று. ஒன்றுக்கு வைத்தாள். ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதை விடுவார்களா, இரண்டு பிள்ளை நிற்கிற வீட்டில் ஒன்றுக்கு மட்டும் பொட்டு வைப்பார்களா. இரண்டாவதற்கும் வைத்தாள். நடுவில் துளிக் குங்குமம். கண் பட்டுவிடக்கூடாது என்று கன்னத்தில் விரலை மடக்கிச் சொடுக்குக்கூடப் போட்டாள். பிறகு ஏணியை விட்டு இறங்கி, வண்டி ஏறி, அதை மறந்தே போனாள்.

மணி பத்து. மெய்யப்பன் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான், இன்னும் பேசவில்லை. சொல்லிவிட வேண்டியதுதானே, என்று உங்களுக்குத் தோன்றும். நாக்கு எழும்பினால்தானே. வெல்டு கசிந்தது என்று எழுதினால் அது பொறியாளரின் தவறு. உலகம் முழுக்க வெல்டு கசிகிறது, எவ்வளவோ படித்தவர்களின் வெல்டு கசிந்திருக்கிறது, அதில் ஒரு கௌரவம்கூட உண்டு. சந்தனம் அடைத்தது என்றால்? அது யாருடைய தவறு? அதைப் புல் வெட்ட வந்தவளின் தவறு என்று சொல்வார்கள். என்னதான் இருந்தாலும் என்று ஆரம்பிப்பார்கள். பத்தாவதுதானே என்று முடிப்பார்கள். பத்திரிகையில் வரும், சிரித்துச் சிரித்துப் பகிர்வார்கள், தழும்பு தெரிகிற மாதிரி அவள் படத்தைப் போட்டு. பேசாமல் இருந்தால்? டாங்க்கைக் கழற்றிக்கொண்டு போவார்கள், அறுப்பார்கள், கசிவைத் தேடுவார்கள், கிடைக்காது, அதற்குள் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது, அடையாள அட்டை அப்படியே தொங்கும். தும்பி மட்டும் போகாது. போன ஆடியில் ஜெபராஜ் வால்வுப் பெட்டிக்குள் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் ஒட்டினான், நல்ல பையன், மாதாவே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆசையாக ஒட்டினான். என்ன பேச்சுப் பேசினாள் அன்றைக்கு! மாதாவுக்குப் பசை தேவையில்லை, பெட்டிக்குத்தான் மூச்சு தேவை என்று எல்லார் முன்னாலும் உரிக்கவைத்து, தவறுப் பதிவேட்டில் யாரால் என்ற கட்டத்தில் அவன் பேரை அவன் கையாலேயே எழுதவைத்தாள். பேர் எழுத வெட்கப்படுகிறவன் ராக்கெட் செய்யக்கூடாது என்றும் ஒரு பெரிய வார்த்தை சொன்னாள். சொன்னவள் இப்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பத்து ஐந்து. மெய்யப்பன் எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் மணி அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. சித்திரை வெயிலில் பெட்டியை நிழலுக்குத் தள்ள மறந்த பெண்ணிடம் அய்யா ரத்தத்தை அமுக்கிக்கொண்டு கேட்டாரே, தெரியாதாட்டி ஒனக்கு. இப்போது தெரியும் அய்யா. அதுதான் பிரச்சினை. தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“மெய்யப்பன் தம்பி, போனை வையுங்க.” குரல் அவளுடையது மாதிரியே இல்லை. அவன் திரும்பினான். “டாங்க்ல லீக் இல்ல. சென்சார்தான் பொய் சொல்லுது.” “ரெண்டுமாக்கா? ரெண்டும் ஒண்ணா எப்படிக் கெட்டுப்போகும்?” “கெட்டுப்போகல. மூச்சு முட்டுது. மேகம் வந்தா ஏறுது, வெயில் அடிச்சா இறங்குது, ஷாஹிதாவைப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு ஓட்டையும் அடைச்சிருக்கு.” “எது அடைச்சுது?” “எதுவும் இல்ல. நான்தான் அடைச்சேன். காலைல எல்லாரும் போன பொறவு சந்தனம் வச்சேன். ரெண்டுக்கும்.” ஷாஹிதாவின் விரல்கள் ஓடின, ஒன்பது பத்திலிருந்து எண்களைத் திரும்ப வரிசையாக இழுத்து, மேகம் வந்த நேரங்களோடு வைத்துப் பார்த்தாள். “சரியா இருக்கு,” என்றாள் மெதுவாக. “மூணு மேகம். மூணு தடவையும் ஏறியிருக்கு.” அப்புறம் இசக்கியம்மாளைப் பார்த்து, கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், “எதுக்குக்கா வச்சீங்க?” விதியை எழுதியவள் அவள். நூற்று எழுபதாம் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் அவள். “அழகா இருந்துச்சுட்டி,” என்றாள். “ரொம்ப அழகா இருந்துச்சு. வச்சிட்டேன்.” போனில் அந்தப் பக்கம் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெய்யப்பன் அதைக் காதில் வைத்தான். “சார், ரத்து இல்ல சார். ஒரு சின்ன வேலை, துடைக்க வேண்டியிருக்கு. ஒரு மணிக்குள்ள விட்டுடுவோம்.” போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். “வாயுவை இறக்கச் சொல்லிடறேன். காது குடையற பட்ஸ் எடுத்துக்கிட்டு நீங்களே போங்கக்கா. வச்சவங்களுக்குத்தான் இடம் தெரியும்,” என்றான். உதட்டோரம் லேசாகத் துடித்தது, அது கோபமா சிரிப்பா என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜீப்பில் போகும்போது செம்மணல் கண்ணைக் கூசவைத்தது. ஏணியில் ஏறி நின்றாள். இரண்டு பொட்டும் காய்ந்து, நடுவில் வெடித்து, ஆனால் ஓட்டைமேல் மட்டும் கெட்டியாக அமர்ந்து, வைத்த நேர்த்தியில் குறைவைக்கவில்லை. ஈரப் பஞ்சை வைத்துச் சுற்றிச் சுற்றி எடுத்தாள், முதல் பஞ்சு மஞ்சளாக வந்தது, இரண்டாவது இளமஞ்சள், ஆறாவது வெள்ளை. மற்றதற்கும் அப்படியே. இழுக்கிற சின்னப் பம்பை வைத்து இழுத்தாள், உள்ளே எதுவும் இல்லை. “மூச்சு விடு,” என்றாள் அதனிடம், யாரும் பக்கத்தில் இல்லாததால். கை ஒரு நொடி அந்த வெள்ளைத் தகட்டைத் தடவப் போயிற்று. பாதியில் அதைப் பிடித்து இழுத்து, முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். மறுபடி மூன்றுக்கு ஏற்றி மூடியபோது பத்து நாற்பது. அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தாள். உச்சி வெயில் வந்துகொண்டிருந்தது, வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. மூன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம். பதினைந்து நிமிடம். மூன்று புள்ளி பூஜ்யம் ஒன்று. யாரோ விசில் அடித்தார்கள். மூன்று புள்ளி பூஜ்யம் இரண்டு. வெயிலுக்கு அது ஏறியது. உலகத்தில் எல்லா சோடாவும் எப்படி ஏறுமோ அப்படி ஏறியது.

எரிபொருள் ஊற்றுகிற நேரத்தில் அவளுக்கு வேலை இல்லை. பதிவேட்டை எடுத்தாள். தவறு: இரண்டு சென்சாரிலும் மூச்சு ஓட்டை அடைப்பு. காரணம்: சந்தனம், குங்குமம். யாரால் என்ற கட்டத்தில் இசக்கியம்மாள் என்று, முழுப் பெயரையும், பள்ளிக்கூடத்து எழுத்தில் நிறுத்தி எழுதினாள். தோளுக்குப் பின்னாலிருந்து ஜெபராஜ் எட்டிப் பார்த்தான். “என் பேருக்கு நாலு பக்கம் தள்ளித்தான் வந்திருக்கிய,” என்றான். “கொஞ்சம் முந்தி வந்திருந்தா ஒரே பக்கத்துல இருந்திருக்கலாம்லா.” அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு மெய்யப்பன் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுத் தயாரா என்று கேட்டான், அவள் முறை வந்தபோது தயார் என்றாள், அதற்கு அப்புறம் அறையில் இருந்த ஒரே ஜன்னலுக்கு, கை அகலக் கனத்த கண்ணாடிக்கு, எழுந்து போய்விட்டாள், திரையில் பார்க்க மனம் வரவில்லை. முதலில் சத்தம் இல்லை. கடலோரத்தில் ஒரு வெளிச்சம், வெயிலையே மங்கவைக்கிற வெளிச்சம், அதன்மேல் அந்த வெள்ளைக் குச்சி, நிற்கிறதா போகிறதா தெரியாமல் ஒரு கணம், பிறகு அது போயிற்று, ஐயோ அது போயிற்று, நாற்பத்தோரு மீட்டரும் இம்மிகூடப் பிரியாமல் போயிற்று, அப்போதுதான் சத்தம் வந்து கண்ணாடியை நடுக்கி, தரையை நடுக்கி, பத்து வயதில் நெஞ்சுக்குள் உட்கார்ந்து உறுமிய அதே ஆள் திரும்ப வந்து உட்கார்ந்தான், மேஜைமேல் தேநீர்க் குவளைகள் ஒன்றோடொன்று பேசின, யாரோ அழுதார்கள், ஷாஹிதா எண்களைக் கத்திக்கொண்டிருந்தாள், தும்பி ஒரு பொட்டளவு ஆயிற்று, பிறகு அதுவும் இல்லை. ஜன்னலுக்கு வந்ததிலிருந்து முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்த கையை இசக்கியம்மாள் வெளியே எடுத்தாள். இனி பயமில்லை, அது கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. ஆசை தீரக் கும்பிட்டாள்.